இருக்கு என்றே சொன்ன காட்டு ஜாகா

அன்றைக்கு மலைமேல் இருந்தவர்கள் ஏழு பேர். எங்கள் காட்டு டிபார்ட்மெண்ட் துரை. ஊருக்குத் திரும்பக் கப்பல் டிக்கெட் எடுத்து வைத்திருந்த வெள்ளைக்காரர். நில ஆபீசிலிருந்து வந்த சீன ஆபீசர். இளவயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பக்கத்துக் கல் குவாரியின் மேனேஜர், நம்ம தமிழர்தான். எங்கள் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, நாங்கள் பேசுவதைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்கிறவர். மலாய்க் காவல்காரர், எல்லாருக்கும் அவர் ‘பாக்’. அப்புறம் காட்டு ஜாகா, அவரும் காவல்காரர்தான், தமிழர். ஏழாவது ஆள் நான், வேன் டிரைவர்.

நான் மேலே ஏறியிருக்கவே வேண்டியதில்லை. துரையின் குடையையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்க ஆள் வேண்டும் என்றார் கிராணி. கீழே வண்டியை நிறுத்தின இடமோ இறக்கம். ஹேண்ட்பிரேக்கை நம்ப முடியாது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் ஏறினேன். ஏறும்போதும் பாதி மனசு அந்தக் கல்லிலேயே இருந்தது.

ஜாகாவின் பெயரை எழுதாமல் விடுகிறேன். அவருக்கு வேண்டியவர்கள் யாராவது இதைப் படித்துச் சங்கடப்பட்டால் என்ன செய்வது? நம் ஆட்கள் கூடுகிற தேக்காவில்கூட அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதும் இல்லை. மலைக்காரர் என்பார்கள். புக்கிட் தீமா மலைக் காட்டுக்கு அவரும் பாக்கும்தான் காவல். விறகு வெட்டுகிறவன், குருவிக்குக் கண்ணி வைக்கிறவன், பிரம்புக்காக ரோத்தான் கொடி அறுக்கிறவன், எல்லாரையும் விரட்ட வேண்டியது அவர்கள் பாடு. ஒல்லியான மனிதர். காக்கி அரைக்கால் சட்டைக்குக் கீழே முள் கீறின தழும்பாக இருக்கும். பாதையை விட்டுக் காட்டுக்குள் கால் வைக்கும் முன் இரண்டு கையையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டுவார், யாரோ வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி. ஏண்ணே இது என்றால், நாம வர்றது அதுங்களுக்குத் தெரிய வேணாமா என்பார்.

நான் முதன்முதலில் அந்த மலைக்கு வண்டி ஓட்டிப் போன அன்றே அவரிடம் ஏமாந்தேன். ரேடியேட்டர் கொதித்துக்கொண்டு இருந்தது. எனக்கோ புது வேலை. வண்டி கெட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களோ, சீட்டையே கிழித்துவிடுவார்களோ என்று பயம். குடிசைக்குப் பக்கத்தில் ஒரு டிரம் தெரிந்தது. தண்ணி இருக்காண்ணே என்று கேட்டேன். “நெறைஞ்சிருக்கு தம்பி” என்றார். ஓடிப்போய் டப்பாவை விட்டால் அடியில் துரு சுரண்டுகிற சத்தம்தான் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார்.

நம் வீடுகளில் அரிசி தீர்ந்துபோனால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நிறைஞ்சிருக்கு என்பார்கள். உப்புக்கும் மஞ்சளுக்கும் அப்படித்தான். என் அம்மாவும் சொல்வாள். ஆனால் அது அடுப்படியோடு சரி. இவர் அந்த வழக்கத்தை மலை முழுக்கக் கொண்டுபோய்விட்டார். அவர் வாயிலிருந்து இல்லை என்று ஒரு சொல் விழுந்து நான் கேட்டதில்லை. வெற்றிலை இருக்கா, இருக்கு. வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் காம்பு மட்டும் கிடக்கும். குடை இருக்கா, இருக்கு. அவரே நனைந்துகொண்டு போய்ப் பாக் வீட்டில் வாங்கி வருவார். இருக்கு என்று சொல்லிவிட்டால் அதை எப்பாடு பட்டாவது இருக்கச் செய்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. வாளித் தண்ணீருக்கு அது சரிப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் மலை ஏற வருவார்கள். பிள்ளைகள் முதலில் கேட்பது புலியைத்தான். இருக்கு என்பார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். பிள்ளைகள் குதிக்கும். தாய்மார்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். பாக் சிரிப்பார். பாக்குக்கும் அந்த மிருகத்தின் பெயரைச் சொல்லப் பிடிக்காது, ‘தாத்தா’ என்றுதான் சொல்வார். ஆனால் தாத்தா போய்விட்டார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அந்தக் காலத்தில் மிளகுத் தோட்டத்திலும், தோல் பதனிடச் சாறு எடுக்கிற கம்பீர்த் தோட்டத்திலும் வேலை செய்த சீனக் கூலிகளைப் புலி இழுத்துக்கொண்டு போனது, துரைமார்கள் குழி வெட்டியும் துப்பாக்கி வைத்தும் ஒவ்வொன்றாகத் தீர்த்தது, இதெல்லாம் பாக்கின் அப்பா சொல்லிப் பாக் எங்களுக்குச் சொன்னது. மிச்சம் மீதி இருந்த மானையும் பன்றியையும் ஜப்பான்காரன் காலத்துப் பசி தின்றுவிட்டது என்பார். ஜாகா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். கடைசியில் ஒன்று சொல்வார்: அக்கரை ஜொகூரிலிருந்து கடலை நீந்தித்தானே வந்துச்சு, வழி தெரிஞ்சது மறுபடி வராதா?

சும்மா பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அக்கா விஷயத்தில்தான் பயம் வந்தது.

அக்கா என்றால் அவர் மனைவி. சீக்காளி. குடிசைக்குள்ளேயே படுத்திருப்பார், இருமல் மட்டும் வெளியே கேட்கும். வெள்ளிக்கிழமை தோறும் ஜாகாக்களுக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. போகிறபோது தேக்காவில் அக்காவுக்கு ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு போவேன். அக்கா எப்படிண்ணே என்று கேட்பேன். “இருக்கா தம்பி” என்பார். பூவை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பக்கத்தில் பாக் வந்து நின்று, பூ யாருக்கு என்று மலாயில் கேட்டார். சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இறந்து, அடைமழைக்கு முன்னாலேயே எடுத்தாகிவிட்டது, நானும்தான் கூடப் போனேன் என்றார். அடைமழை முடிந்து வெயில் வந்துவிட்டிருந்தது. அத்தனை வெள்ளிக்கிழமையும் நான் கேட்டிருக்கிறேன். அத்தனை தடவையும் அவர் இருக்கா என்று சொல்லியிருக்கிறார். இருமல் கேட்காததை நான் ஏன் கவனிக்கவில்லை என்று தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பூக்கடை முன்னால் வெகுநேரம் நின்றேன். வாங்காமல் போனால் அவர் சொல்லாததை நான் சொன்ன மாதிரி ஆகிவிடும். வாங்கிக்கொண்டு போனேன். அவரும் வாங்கிக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஆள் காட்டின ஒன்றை நான் என் கண்ணால் பார்த்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மலையின் பின் சரிவு, குவாரிக்கு மேலே இருக்கிற பக்கம். அங்கே ஒரு காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணாந்து பார் என்றார். முதலில் இலைதான் தெரிந்தது. அப்புறம் இலைக்கு நடுவே கறுப்பாக ஒரு முகம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். ரோட்டோரம் வந்து வாழைப்பழம் பிடுங்குகிற குரங்கு இல்லை இது. கீழே இறங்காத ஜாதி, கருங்குரங்கு. நாலைந்து இருந்தன, சத்தமே போடாமல் தளிரைத் தின்றுகொண்டு. ஒரு தாயின் வயிற்றில் குட்டி. தாய் அத்தனை கறுப்பு, குட்டியோ பால் மாதிரி வெள்ளை. முதுகோடு ஒரு கறுப்புக் கோடு, தோளில் குறுக்கே இன்னொன்று. யாரோ மை தொட்டு இழுத்த மாதிரி. நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அதற்கப்புறம் மரத்தில் பார்க்கவும் இல்லை. இந்தத் தீவில் இதுங்களுக்கு இந்த ஒரு இடந்தான் தம்பி என்றார். அவர் அப்படி அடக்கமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அந்தப் பின் சரிவைத்தான் குவாரி கேட்டது. ஊரெல்லாம் ஃபிளாட் எழும்புகிற காலம். ஜூரோங் சதுப்பை மண் போட்டு மூடி ரோடு போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் கல் வேண்டும். குவாரியில் தினமும் வெடி வைப்பார்கள். சிவப்புக் கொடி ஏறும், சங்கு ஊதும், அப்புறம் தரை அதிரும். சரிவில் இலையெல்லாம் வெள்ளைத் தூசி. நான் ஒன்றும் பெரிய நியாயம் பேசவில்லை. எருமை ரோட்டில் பலகைத் தடுப்பு போட்ட ஒரு அறையில் ஆறு பேர் இருந்தோம். நாங்களும் ஃபிளாட்டுக்கு எழுதிப் போட்டிருந்தோம். அந்தக் கல் இல்லாமல் அந்த வீடு எங்கிருந்து வரும்?

ஆனாலும் துரை விடவில்லை. காட்டுக்கென்று சட்டம் போட்டு ஒதுக்கின மலையை இப்படிப் பக்கம் பக்கமாகச் சுரண்டக்கூடாது என்று எழுதினார். அரிய பிராணி ஏதாவது அங்கே குட்டி போட்டு வாழ்கிறது என்று தெரிந்தால் சரிவை விட்டுவிடலாம், வந்து பார்க்கிறோம் என்று நில ஆபீசிலிருந்து பதில் வந்தது. அதற்காகத்தான் அந்த ஏழு பேர்.

முந்தின நாள் கிராணி ஜாகாவை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கருங்குரங்கு இருக்கு, குட்டி போட்டிருக்கு, இந்த மாசம் பார்த்தேன், இவ்வளவுதான், மேலே ஒரு வார்த்தை வேண்டாம் என்றார். ஜாகா சரி சரி என்று தலையாட்டினார். திருப்பிச் சொல்லச் சொன்னபோது ஒழுங்காகச் சொன்னார்.

எங்கள் நேரம், அந்த வாரம் குவாரியில் வழக்கத்தைவிடப் பெரிய வெடியாக வைத்தார்கள். சரிவில் ஒரு அணில்கூட இல்லை. ஆபீசர் அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். பிறகு கேட்டார், ஜாகா சொன்னார், கிராணி பெயர்த்தார். கருங்குரங்கு இருக்கு. குட்டி போட்டிருக்கு. இந்த மாசம் பார்த்தேன். ஆபீசர் குறித்துக்கொண்டார். துரையின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

குவாரி மேனேஜர் சிகரெட்டைக் காலில் போட்டு மிதித்தார். அவருக்கு ஜாகாவை நன்றாகத் தெரியும். எத்தனையோ மாலை அந்தக் குடிசையில் உட்கார்ந்து கோப்பி குடித்தவர். நான் ஒன்று கேட்கலாமா என்று ஆபீசரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, தமிழிலேயே பேசினார்.

“மலைக்காரரே, குரங்கு இருக்குன்னு சொன்னீங்க. நான் மறுக்கல. இந்தக் காட்டுல புலி இருக்கா?”

கிராணிக்குப் புரிந்துவிட்டது. பெயர்க்காமல் நின்றார். மேனேஜரே அதை இங்கிலீஷிலும் ஒரு தடவை சொன்னார். எல்லாரும் ஜாகாவைப் பார்த்தோம். அவர் உதடு அசைந்தது. மரத்தைப் பார்த்தார், கீழே பள்ளத்தைப் பார்த்தார்.

“இருக்கு” என்றார்.

“இருவாச்சிப் பறவை?”

“இருக்கு.”

“மான்? கொம்பு வச்ச பெரிய மான்?”

“இருக்குங்க.”

“யானை இருக்கா மலைக்காரரே?”

ஜாகா கொஞ்சம் யோசித்தார். “வந்தா இடம் இருக்கு” என்றார்.

மேனேஜர் சிரித்துவிட்டார். கிராணி பெயர்க்க வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றாகப் பெயர்த்தார், குரலே எழும்பாமல். ஆபீசர் சிரிக்கவில்லை. எழுதினதைப் பார்த்தார், பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டார். டிரைவர் பேசலாமா கூடாதா என்று தெரியாமலே பேசிவிட்டேன்: கருங்குரங்கை நானும் பார்த்தேன் சார், குட்டியோட பார்த்தேன். கிராணி சொன்னார். ஆபீசர் என்னைப் பார்த்து, அன்பாகத்தான், டிரைவர் புலியையும் பார்த்தாரா என்று கேட்டார். பார்க்கலை என்றேன். உண்மையைச் சொன்னேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

துரை என்னிடமிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கினார், குடிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

இறங்கும்போது மற்றவர்கள் முன்னால் போன பிறகு கிராணி வெடித்தார். “யோவ், ஒரு தடவை. ஒரே ஒரு தடவை இல்லைன்னு சொல்லியிருந்தா அந்தக் குரங்காச்சும் மிஞ்சியிருக்கும்லா. நாக்கு என்ன கூலியா கேக்குது?”

ஜாகா நின்றார். “அந்த எடத்துலயே நின்னுக்கிட்டு எப்படிங்க சொல்றது?” என்றார். “அதும் காதுல விழுந்தா போயிடாதா?”

“எதுய்யா? நான் பொறக்கறதுக்கு முன்னாடி செத்த புலியா?”

ஜாகா மறுபடி இறங்க ஆரம்பித்தார். அவர் உண்மையிலேயே நம்பினாரா, இல்லை சொல்லிச் சொல்லி வாய் அப்படியே நின்றுவிட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் பக்கத்தில் நடக்கவே எனக்கு அன்றைக்கு ஒரு மாதிரி இருந்தது.

சரிவு குவாரிக்குப் போனது. துரை கப்பல் ஏறினார். முதலில் கீழ்ப் பாதியை வெட்டினார்கள். மரம் விழ விழக் குரங்குகள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், தரைக்கே இறங்காத ஜாதி, ரோட்டில் இறங்கின. ஒரு தாய் கல் லாரியில் அடிபட்டது. ஜாகா போய்ப் பார்த்தபோது வயிற்றில் குட்டி உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தூக்கி வந்தார். டின் பாலைத் தண்ணீரில் கரைத்து விரலில் தொட்டுக் கொடுத்தார். குடித்தது, வயிறு ஊதியது. பால் இதற்கு ஆகாது, இலை கொடு என்றார் பாக். ஜாகா தளிரைத் தன் வாயில் போட்டு மென்று மென்று அதன் வாயில் வைத்தார். நான் மண்ணெண்ணெயோடு போன வெள்ளிக்கிழமை அது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் குடிசை வாசலில், வெள்ளைத் துண்டில் சுற்றின ஒரு பொட்டலத்தோடு எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

ஆபீசுக்குப் போகணும் தம்பி என்றார். எந்த ஆபீஸ் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. டிபார்ட்மெண்ட் வண்டி, அனுமதி இல்லாமல், செத்த பிராணியோடு டவுனுக்குள். யாராவது பார்த்து எழுதிப் போட்டால் என் கதி என்ன என்று நினைத்துக்கொண்டேதான் கதவைத் திறந்துவிட்டேன்.

நில ஆபீசில் பியூன் உள்ளே விடவில்லை. நான் கெஞ்சினேன். சத்தம் கேட்டு அந்தச் சீன ஆபீசரே வெளியே வந்தார். ஜாகாவை அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஜாகா பொட்டலத்தை மேஜைமேல் வைத்துத் துண்டை விலக்கினார். பால் வெள்ளை, முதுகோடு கறுப்புக் கோடு, தோளில் குறுக்கே ஒன்று. ஆபீசர் விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். நாற்காலியை இழுத்து ஜாகாவை உட்காரச் சொன்னார். ஜாகா உட்காரவில்லை.

அவர்கள் மலாயில் பேசினார்கள். அன்றைக்கு நீ சொன்னதெல்லாம் கதை என்று நினைத்துவிட்டேன் என்றார் ஆபீசர். கையெழுத்தாகிவிட்டது, கீழ்ப் பாதியை இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். அப்புறம் குட்டியைக் காட்டிக் கேட்டார்.

“மேல் பாதி இன்னும் வெட்டல. இந்த ஜாதி அங்க மிச்சம் இருந்தா சொல்லு. நான் எழுதி நிறுத்தப் பார்க்கிறேன். ஆனா நிஜத்தைச் சொல்லு. இன்னும் இருக்கா?”

எனக்கு உயிர் வந்தது. இது அவரிடம் கேட்கிற கேள்வியா? வாயைத் திறந்தாலே அந்த ஒரு சொல்தானே வரும். சொல்லுங்கண்ணே என்று மனசுக்குள் கத்தினேன்.

அவர் துண்டின் நுனியை எடுத்துக் குட்டியை மறுபடி மூடினார்.

“ஒவ்வொரு மரமா தேடிட்டேன் துவான்” என்றார். “இல்லை.”

இந்தத் தடவை ஆபீசர் உடனே நம்பினார்.

வழியெல்லாம் ஜாகா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி வந்தார். குட்டியைக் குடிசைக்குப் பின்னால் அவரே தோண்டிப் புதைத்தார். தீபாவளிக்குள் மேல் பாதியையும் வெட்டிவிட்டார்கள்.

அது முடிந்து வெகுநாள் கழித்துத்தான் பாக் என்னிடம் சொன்னார். மேல் பாதியில் கடைசி மரங்கள் விழுந்த அன்றைக்கு அவர் அங்கே நின்றிருக்கிறார். உச்சிக் கொப்புகளில் கறுப்பாக மூன்று நான்கு தாவிப் போனதைப் பார்த்திருக்கிறார். ஒன்றின் வயிற்றில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்ததாம். அதற்கப்பால் தாவ மரம் கிடையாது; ரோடுதான்.

ஜாகாவிடம் சொன்னீங்களா என்று கேட்டேன். பாக் தலையை ஆட்டினார், இல்லை என்று. நானும் சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அது அங்கதான் இருந்துச்சுண்ணே என்று அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?